வாயு என்று விட்டுவிடாதீர்கள்



செஞ்சிப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு தாய் வயிறு உப்புசம் என்றால் வீட்டில் முதல் மருந்து ஓமத் தண்ணீர்தான். வாயு, வயசுக் கொழுப்பு என்று மாதங்கள் ஓடிவிடும். மணமாகாத பெண்ணுக்கு வயிறு பெருத்தாலோ, ஊர்ப் பேச்சுக்கு அஞ்சி மருத்துவமனைக்கே அழைத்து வரமாட்டார்கள். இருவருக்குமே அது சினைப்பைக் கட்டியாக இருக்கலாம்.

இது பழைய குழப்பம். 1809-இல் அமெரிக்காவின் கென்டக்கியில் ஜேன் கிராஃபோர்டு என்ற பெண்ணுக்கு இரட்டைப் பிள்ளை என்றே எண்ணியிருந்தார்கள். எப்ராயீம் மெக்டவல் என்ற வைத்தியர் பரிசோதித்து, கட்டி என்று கண்டுபிடித்தார். அவர் குதிரையில் 60 மைல் வந்து, மயக்க மருந்தில்லாத அக்காலத்தில் அறுவையைத் தாங்கினார். ஏறக்குறைய 10 கிலோ கட்டி அகற்றப்பட்டது. அதன்பின் 32 ஆண்டுகள் உயிரோடிருந்தார்!

ஸ்கேனுக்கு முன்பே மருத்துவரின் விரல்கள் சில சொல்லும். மல்லாந்து படுக்கவைத்து வயிற்றைத் தட்டினால், பெரிய கட்டியானால் நடுவில் மந்த ஒலியும் இரு விலாப்புறங்களில் மத்தள ஒலியும் கேட்கும். வயிற்றில் நீர் கோத்திருந்தால் இது தலைகீழ். அடுத்து கர்ப்பப் பரிசோதனை, பிறகு ஸ்கேன்.

மாதவிலக்கு உள்ள பெண்ணுக்கு மெல்லிய சுவருடன், நீர் மட்டும் நிறைந்த, 5 செ.மீ.க்குக் குறைந்த கட்டி பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களில் தானே மறையும். கத்தி வேண்டாம். கெட்டியான பகுதியோ, தடித்த தடுப்புகளோ, வயிற்றில் நீரோ தெரிந்தால் புற்றுநோய்ச் சந்தேகம் எழுகிறது. மாதவிலக்கு நின்ற பெண்ணிடம் எந்தக் கட்டியையும் கவனமாகவே பார்க்கவேண்டும்.

சி.ஏ.125 என்ற இரத்தப் பரிசோதனையில் எண் கூடினால் குடும்பமே கலங்கிவிடுகிறது. வயிற்றுக் காசநோயிலும் அது கூடும். மாதவிலக்கு நாட்களிலும் கூடலாம். அந்த எண்ணை மட்டும் வைத்துப் புற்றுநோய் என்று யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஊரில் 'நீர்க்கட்டி' என்று சொல்லப்படும் பி.சி.ஓ.டி.யும் வேறு, அது ஹார்மோன் கோளாறு, அறுத்தெடுக்கும் கட்டியல்ல. சில கட்டிகளுக்குள் முடியும் பல்லும்கூட இருக்கும். செய்வினை என்று பயப்படவேண்டாம், டெர்மாய்டு என்ற சாதாரணக் கட்டிதான்.

ஒன்றுக்கு மட்டும் காத்திருக்கலாகாது. அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் திடீரென்று கடும் வலியும் வாந்தியும் வந்தால், கட்டி முறுக்கிக்கொண்டிருக்கலாம். இரத்த ஓட்டம் நின்று சினைப்பையே அழுகிவிடும். நேரத்தோடு வந்தால் காப்பாற்றலாம். செஞ்சியிலிருந்து விழுப்புரமும் திருவண்ணாமலையும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். விடியட்டும் என்று இராமல் அந்த இரவே 108-ஐ அழையுங்கள்.