ஜவ்வாது மலை அடிவாரத்தில் கோபுரத்தோடு ஒரு ஜெபாலயம்: கிறிஸ்தவ வாழ்வில் ஜெபம், ஆராதனைக்கு என்ன இடம்?

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது திருப்பத்தூர். இங்குள்ள கிறிஸ்துகுல ஆசிரமத்துக்கு முதல் தடவை போகிறவர்கள் கொஞ்சம் குழம்பிப்போவார்கள். கோபுரம், கல் தூண்கள், மண்டபம். பார்த்தால் கோயில் மாதிரியே இருக்கும். ஆனால், அது ஒரு கிறிஸ்தவ வழிபாட்டு இடம். பெயர் ஜெபாலயம். செருப்பை வெளியே விட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்துதான் ஜெபம்.

இதை ஏன் இப்படிக் கட்டினார்கள்? ஜெபம் என்றால் கிறிஸ்தவர்களுக்கு என்ன? பார்க்கலாம்.

ஜெபம் வேறு, ஆராதனை வேறா?

இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்தவைதான். ஆனாலும் சின்ன வித்தியாசம் உண்டு. ஜெபம் என்பது கடவுளோடு பேசுவது. நன்றி சொல்லலாம், தப்புக்கு மன்னிப்பு கேட்கலாம், அடுத்தவருக்காக வேண்டலாம், ஒன்றும் பேசாமல் சும்மா உட்கார்ந்தும் இருக்கலாம். கதவைச் சாத்திக்கொண்டு தனியாக ஜெபிக்கச் சொன்னவர் இயேசு. ஊர் பார்க்க வேண்டும் என்பதற்காக ஜெபிப்பதை அவர் கண்டித்தார் என்கிறது மத்தேயு நற்செய்தி.

ஆராதனை என்பது சபையாகக் கூடிச் செய்வது. பாட்டு, வேத வாசிப்பு, பிரசங்கம், திருவிருந்து எல்லாம் இதில் வரும். கத்தோலிக்கர்கள் இதைத் திருப்பலி என்பார்கள். இயேசு உயிர்த்தெழுந்த நாள் ஞாயிறு என்பதால்தான் அந்த நாளுக்கு இவ்வளவு முக்கியத்துவம்.

ஞாயிறு மட்டும்தானா?

இல்லை. பல வீடுகளில் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாலோ பின்னாலோ குடும்ப ஜெபம் நடக்கும். கத்தோலிக்க வீடுகளில் செபமாலை சொல்வார்கள். அக்டோபர் மாதம் அதற்கென்றே ஒதுக்கப்பட்டது. ஈஸ்டருக்கு முந்தைய 40 நாள் தவக்காலம், சி.எஸ்.ஐ. சபைகளில் அதை லெந்து காலம் என்பார்கள். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனைக்கு, வருஷம் முழுக்க சர்ச் பக்கம் வராதவர்கள்கூட வந்துவிடுவார்கள்.

பாட்டிலும் இரண்டு வழி இருக்கிறது. மேலைநாட்டு மெட்டில் பாடுவது பாமாலை. நம்ம ஊர் ராகத்தில் பாடுவது கீர்த்தனை. கீர்த்தனை என்றதும் நினைவுக்கு வருபவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864).

அப்போ கோபுரம் எதற்கு?

கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கியது 1921-ல். தொடங்கியவர்கள் இரண்டு டாக்டர்கள். ஒருவர் தமிழரான சவரிராயன் ஜேசுதாசன். இன்னொருவர் ஸ்காட்லாந்துக்காரரான எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். பிரிட்டனில் இருந்தபோது நண்பர்களானவர்கள். ஆசிரமத்தில் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்றே கூப்பிட்டார்கள். கதர் உடுத்தி, எளிமையாக வாழ்ந்தார்கள். 1932-ல், சுதந்திரப் போராட்டம் நடந்துகொண்டிருந்த நேரத்தில், கதர் உடுத்திய பேட்டன் சென்னையில் போலீஸ் அடியையும் வாங்கியிருக்கிறார்.

வெள்ளைக்காரர்கள் ஆண்ட காலம் அது. கிறிஸ்தவம் என்றாலே வெள்ளைக்காரர் மதம் என்ற பேச்சு இருந்தது. கிறிஸ்துவைக் கும்பிட பெஞ்சும் பூட்ஸும் தேவையில்லை, நம்ம மண்ணின் முறையிலேயே கும்பிடலாம் என்று இவர்கள் காட்டினார்கள். ஜெபாலயத்தின் திராவிடக் கட்டடக்கலைக்குக் காரணம் இதுதான்.

ஜெபமா, மருந்தா?

இந்த இடத்தில்தான் விஷயம் உயிர் சம்பந்தப்பட்டதாக மாறுகிறது. நோய் வந்தால் ஜெபம் மட்டும் போதும், ஆஸ்பத்திரி வேண்டாம் என்று நினைப்பவர்கள் இன்றைக்கும் உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போகவே வெகுதூரம் மலை இறங்க வேண்டிய ஊர்களில் இந்த நினைப்பு ரொம்ப ஆபத்து. பாம்புக்கடியிலும் பிரசவத்திலும் ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்.

நோயாளிக்காக ஜெபிக்கச் சொல்கிறது பைபிள். ஆனால், அதிலேயே லூக்கா என்ற நற்செய்தியாளரை வைத்தியர் என்று பவுல் குறிப்பிடுகிறார். காயம்பட்டுக் கிடந்தவனுக்கு எண்ணெயும் திராட்சை ரசமும் வார்த்துக் கட்டுப்போட்ட சமாரியனைத்தான் நல்ல மனிதனுக்கு உதாரணமாகச் சொன்னார் இயேசு.

திருப்பத்தூர் டாக்டர்களும் இதையே வாழ்ந்து காட்டினார்கள். ஜெபாலயம் கட்டிய அவர்கள், ஏழைகளுக்கு ஆஸ்பத்திரியும் நடத்தினார்கள். 1900-ல் ஐடா ஸ்கடர் தொடங்கிய வேலூர் சி.எம்.சி-யின் கதையும் இதேதான். அங்கே வளாகத்துக்குள் சிற்றாலயம் இருக்கிறது, பக்கத்திலேயே ஆபரேஷன் தியேட்டரும் இருக்கிறது. அங்கிருந்து ஜவ்வாது மலைக் கிராமங்களுக்கும் மருத்துவப் பணி போகிறது. மலையில் வாழும் மலையாளி பழங்குடியினரில் பெரும்பாலானோர் தங்கள் சொந்தத் தெய்வங்களைக் கும்பிடுகிறவர்கள். சிகிச்சைக்கு மதம் கேட்பதில்லை.

ஜெபத்தால் என்ன மாறும்?

கேட்டதெல்லாம் கிடைக்கும் என்பது ஜெபத்தின் அர்த்தம் இல்லை. சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே வேண்டினார். அந்தத் துன்பம் விலகவில்லை. ஆனால், அதை எதிர்கொள்ளும் மனசோடு எழுந்தார். ஜெபம் முதலில் மாற்றுவது ஜெபிக்கிறவரைத்தான் என்று கிறிஸ்தவர்கள் சொல்வது இதனால்தான்.

அப்படி மாறினால் அது வெளியே தெரிய வேண்டும். காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனோடு மனஸ்தாபம் இருப்பது ஞாபகம் வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் சமாதானமாகச் சொன்னார் இயேசு. பசித்தவனோடு உணவைப் பகிர்வதே உண்மையான உபவாசம் என்கிறது ஏசாயா புத்தகம்.

சுருக்கமாகச் சொன்னால், கிறிஸ்தவ வாழ்வில் ஆராதனை ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிடும் சடங்கு அல்ல. ஜெபாலயத்தில் தரையில் உட்கார்ந்து ஜெபித்த அந்த இரண்டு டாக்டர்களும், எழுந்ததும் போனது நோயாளிகளிடம்தான்.