எஞ்சின் கட்டிக் காட்டிய தொலைக்காட்சிகள்

அமெரிக்க நாட்டில் 'மசில் கார்' என்று ஒருவகை மோட்டார் வண்டி உண்டு. நடுத்தர அளவுள்ள வண்டியிலே பெரிய வண்டிக்குரிய எஞ்சினைப் பொருத்தி, இளைஞர் வாங்கத்தக்க விலைக்கு விற்பதே அதன் இலக்கணம். 1964-ஆம் ஆண்டில் பாண்டியாக் நிறுவனத்தார் 389 கன அங்குல எஞ்சினோடு விற்பனைக்குக் கொணர்ந்த ஜி.டி.ஓ. என்னும் வண்டியை இவ்வினத்தின் முதல்வன் என்பர் பலர். நந்நான்கு சிலிண்டர்கள் இரு வரிசையாகச் சாய்ந்து நிற்கும் 'வி-8' எஞ்சினே இவற்றிற்கு உயிர். அவ்வுயிர் நெடுநாள் செழிக்கவில்லை. 1970-இல் இயற்றப்பட்ட தூய காற்றுச் சட்டமும், இத்தகைய வண்டிகளின்மேல் விழுந்த இன்ஷூரன்ஸ் கட்டணச் சுமையும், 1973-இல் நேர்ந்த எண்ணெய்த் தட்டுப்பாடும் கூடி, பத்தாண்டிற்குள் அதனை ஒடுக்கிவிட்டன.

நிற்க. ஈண்டு யாம் கூறப் புகுந்தது அவ்வண்டிகளின் வரலாறு அன்று. அவற்றின் எஞ்சினைப் பிரித்தும் கட்டியும் காட்டிய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளையும், அவை இனி வாராவோ என்று இன்று பலர் கொள்ளும் ஏக்கத்தையும் பற்றியதே இக்கட்டுரை. 1960-களில் இளைஞராயிருந்தோர் 1990-களில் நடுவயது எய்தி, கையிலே சிறிது பொருளும், வீட்டருகே ஒரு கொட்டகையும் உடையராயினர். இளமையில் விற்றுவிட்ட வண்டியைத் தேடி வாங்கிச் செப்பனிடும் ஆசை அவர்களிடத்து மூண்டது. 1983-இல் தொடங்கப்பெற்ற நாஷ்வில் நெட்வொர்க் என்னும் கேபிள் தொலைக்காட்சி அவ்வாசைக்கு உணவளித்தது. 'மரத்தடி மெக்கானிக்' என்று பொருள்படும் 'ஷேட் ட்ரீ மெக்கானிக்' என்ற நிகழ்ச்சியில் சாம் மெமோலோவும் டேவ் போமனும் எளிய பழுதுகளை நீக்கும் வகையைக் கற்பித்தனர். ஜோ எல்மோர், சக் ஹான்சன் என்போர் நடத்திய 'ஹார்ஸ்பவர் டிவி' இன்னும் ஆழச் சென்றது. 2003-இல் அவ்வலைவரிசை 'ஸ்பைக் டிவி' எனப் பெயர் மாறிய பின்னும் அது தொடர்ந்தது.

இந்நிகழ்ச்சிகளில் அடிக்கடி மேசைக்கு வந்தது செவர்லே நிறுவனத்தின் 'ஸ்மால் பிளாக்' எஞ்சின். 1955-இல் பிறந்த இவ்வினமும் அதன் வழிவந்தனவும் 2011-க்குள் பத்துக் கோடியைத் தொட்டன என்பது அந்நிறுவனத்தார் கணக்கு; ஆதலின் பழைய இரும்புக் கிடங்குகளில் இது எளிதாகக் கிடைத்தது. இதிலே 350 கன அங்குல எஞ்சினைக் கொள்வோம். சிலிண்டரின் விட்டம் 4 அங்குலம். பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் 3.48 அங்குலம். தேய்ந்த சிலிண்டரை ஆயிரத்தில் முப்பது பங்கு அங்குலம் அகலக் கடைந்தால் கொள்ளளவு 355 ஆகிறது. அதே இனத்து 400 எஞ்சினின் கிராங்க் ஷாப்டை இதனுள் இறக்கினால் பிஸ்டனின் ஓட்டம் 3.75 அங்குலமாக நீண்டு, கொள்ளளவு 383 ஆகிறது. ஆயின் அந்த ஷாப்டின் கழுத்துகள் பருமனானவை. அவற்றைக் கடைந்து சிறுக்கினாலன்றி உள்ளே பொருந்தா. இப்படி ஒரு கூட்டல், ஒரு கழித்தல், ஒரு கடைசல் எனக் கணக்கும் கைவினையும் கைகோத்துச் செல்வதைக் காண்பதே பார்ப்போர்க்கு விருந்தாயிற்று.

அதனினும் சுவையுடையது இடைவெளி பார்க்கும் முறை. கிராங்க் ஷாப்டின் கழுத்திற்கும் அதனைத் தாங்கும் பேரிங்கிற்கும் நடுவே எண்ணெய்ப் படலம் நிற்பதற்கு ஓர் இடைவெளி வேண்டும். கழுத்தின் விட்டம் ஓர் அங்குலத்திற்கு ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் என்பது தொழிலாளர் கையாளும் வாய்பாடு. 350 எஞ்சினின் கழுத்து ஏறத்தாழ இரண்டரை அங்குலமாதலின், இடைவெளி ஆயிரத்தில் இரண்டரைப் பங்கு. ஒரு தலைமயிர் நுழைவதற்கும் இடம் போதாது! இதனை எங்ஙனம் அளப்பது? 'பிளாஸ்டிகேஜ்' எனப்படும் மெல்லிய மெழுகு போன்ற இழையொன்றைக் கழுத்தின்மேல் கிடத்தி, மூடியை வைத்து, உரிய அளவிற்கு முடுக்கி, மீண்டும் கழற்றினால் இழை நசுங்கியிருக்கும். நசுங்கிய அகலத்தை உறையில் அச்சிட்ட அளவுகோலோடு ஒப்பிட இடைவெளி புலனாகும். அகலமாயின் இடைவெளி குறைவு, ஒடுங்கியதாயின் மிகுதி. பிஸ்டன் வளையத்தின் இரு நுனிகளுக்கும் இடையேயும் இவ்வாறே ஒரு விடுபாடு வேண்டும். அது குறைந்தால், சூட்டினால் வளையம் விரிந்து நுனிகள் முட்டி, வளையம் ஒடிந்து சிலிண்டரைக் கீறிவிடும்.

கட்டி முடித்த எஞ்சினை வண்டியில் ஏற்றுமுன் 'டைனமோமீட்டர்' என்னும் கருவியிற் பூட்டுவர். அக்கருவி அளப்பது முறுக்கு விசையே. குதிரைத் திறன் அதிலிருந்து கணக்கிடப்படுவது. ஜேம்ஸ் வாட் வகுத்தபடி ஒரு குதிரைத் திறனாவது நிமிடத்திற்கு 33,000 அடி-பவுண்டு வேலை. அதனை ஒரு சுற்றின் அளவாகிய 6.2832-ஆல் வகுத்தால் 5252 வரும். முறுக்கு விசையை நிமிடத்திற்குரிய சுற்றுக்களால் பெருக்கி 5252-ஆல் வகுப்பதே சூத்திரம். ஆகவே ஒரே அளவுகோலில் வரைந்த படத்தில் இவ்விரு கோடுகளும் 5252 சுற்றிலே ஒன்றையொன்று வெட்டியே தீரும். வெட்டாவிடின் படம் பொய். விளம்பரத் தாள்களில் மயங்காதிருக்க இஃதொன்றே போதுமன்றோ!

தமிழ் பயிலும் எம்மனோர்க்கு இந்நிகழ்ச்சிகள் பதவுரை போலத் தோன்றுகின்றன. செய்யுளைச் சீர் சீராகப் பிரித்து, ஒவ்வொரு சொல்லையும் கையிலெடுத்துக் காட்டிப் பின்பு சேர்த்து வைக்கும் உரைகாரனின் பொறுமை அங்கே உண்டு. குறையும் இல்லாமலில்லை. உதிரிப் பொருள் விற்போரின் பெயர்கள் நிகழ்ச்சி நெடுகிலும் ஒலித்தன. பழைய பாகம் போதுமான இடத்திலும் புதியதே பூட்டப்பெற்றது. அரை மணிக்குள் அடக்கவேண்டி, பல மணி நேர உழைப்பு ஒரு வெட்டில் மறைந்தது. ஆயினும் அளவுகள் மறையவில்லை.

2000-களின் தொடக்கத்திலே காற்று மாறிற்று. 2002-இல் வந்த 'மான்ஸ்டர் கராஜ்', 2004-இல் வந்த 'ஓவர்ஹாலின்' ஆகியவற்றில் ஒரு வாரக் கெடுவும், அதனால் எழும் பரபரப்பும் முதலிடம் பெற்றன. பின்னதில் உரிமையாளர் அறியாமலே வண்டியைக் கவர்ந்து சென்று, புதுக்கி, அவர் வியக்க நிறுத்துவர். சிப் பூஸ் என்னும் அதன் கலைஞர் பெருந்திறமையாளர் என்பதில் ஐயமில்லை. ஆனால் பார்ப்பவன் கற்றது என்னை? உரிமையாளரின் கண்ணீரைக் கண்டான். வளையத்தின் விடுபாட்டைக் கண்டானல்லன். இங்கிலாந்தில் எழுந்த 'வீலர் டீலர்ஸ்' நிகழ்ச்சியின் மெக்கானிக் எட் சைனா 2017-இல் விலகியபோது, பணிமனைப் பகுதியைக் குறைக்க முற்பட்டதே காரணம் என வெளிப்படையாகக் கூறினார். உலகெங்கும் அவருக்காக வருந்தியோர் பலர். அவர்கள் வருந்தியது ஒரு நடிகன் போனமைக்கு அன்று. தமக்குக் கற்பித்தவன் போனமைக்கு.

மசில் காரின் பெயர் தாங்கிய டாட்ஜ் சாலஞ்சர், செவர்லே கமாரோ ஆகிய இரண்டும் 2023 டிசம்பரில் உற்பத்தி நிறுத்தப்பெற்றன. மின்சார வண்டியில் அளப்பதற்குப் பிஸ்டன் வளையமும் இல்லை, நசுக்குவதற்கு இழையும் இல்லை. டைனமோமீட்டரில் பூட்டி ஒவ்வொரு பாகமாக மாற்றிச் சோதிக்கும் 'எஞ்சின் மாஸ்டர்ஸ்' போன்ற நிகழ்ச்சிகள் பின்னர் இணையத்தில் எழுந்து, பழைய வழியைத் தொடர்ந்தன. வீடியோ நாடாவிற் பதிந்த பழைய நிகழ்ச்சிகளையும் அன்பர் சிலர் இணையத்தில் ஏற்றியுள்ளனர். வண்ணம் கரைந்து, ஓரம் நடுங்கும் அப்படங்களில் முகங்கள் தெளிவாயில்லை. ஸ்மால் பிளாக் எஞ்சினின் எட்டுச் சிலிண்டர்களும் பற்றும் வரிசை மட்டும் தெளிவாகக் கேட்கிறது: ஒன்று, எட்டு, நான்கு, மூன்று, ஆறு, ஐந்து, ஏழு, இரண்டு.