கோல்ப் மட்டையைப் பற்றும் முறை

கோல்ப் ஆட்டத்திலே பந்து கோணிப் போனால், புதிதாக ஆடுபவர் தம் தோளையும் இடுப்பையுமே நொந்துகொள்வர். பிழை பெரும்பாலும் கைகளில் இருக்கும். உடலுக்கும் மட்டைக்கும் உள்ள ஒரே தொடர்பு அவைதாமே!

வலக்கை வழக்கமுடையோர் இடக்கையை மேலே வைத்தல் வேண்டும். மட்டையின் பிடியை உள்ளங்கையிற் புதைக்காது, சுண்டுவிரலின் அடியிலிருந்து சுட்டுவிரலின் நடுக்கணுவரை சாய்வாகக் கிடத்தி, விரல்களால் மூடுதல் முறை. பெருவிரல் பிடியின் உச்சிக்குச் சற்று வலப்புறமாக அமையும். வலக்கை அதன் கீழே வந்து, தன் உள்ளங்கைக் குழிவால் அப்பெருவிரலை மறைக்கும். வலக்கைச் சுண்டுவிரலுக்கோ மட்டையில் இடமில்லை. அது இடக்கையின் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையிலுள்ள பள்ளத்தின்மேல் அமரும். இரு கைகளும் ஒரு கைபோல் இயங்குவது இதனாலேதான்.

இதனை வார்டன் பிடி என்பர். ஜேர்சித் தீவிற் பிறந்த ஹரி வார்டன், 1896 முதல் 1914 வரையான காலத்தில் பிரித்தானிய ஓப்பன் பட்டத்தை 6 முறை வென்றவர். அவருக்கு முன்னரே ஸ்கொத்லாந்தின் ஜொனி லெயிட்லி இவ்வாறு பற்றியிருந்தார். பேர் மட்டும் வார்டனுக்குப் போயிற்று. கை சிறியோர் வலக்கைச் சுண்டுவிரலை இடக்கைச் சுட்டுவிரலோடு கோத்துக்கொள்ளலாம். ஜக் நிக்லஸ் அப்படித்தான் ஆடினார்.

இடக்கை பிடியின்மேல் மிகுதியாக வலப்புறம் திரும்பியிருந்தால் பந்து இடப்புறம் வளையும். இடப்புறம் திரும்பியிருந்தால் வலப்புறம் வளையும். இறுக்கிப் பிடித்தலோ மணிக்கட்டைக் கட்டிப்போடுமேயன்றிப் பந்தைத் தூரம் செலுத்தாது.