உங்களுக்குத் தெரியுமா? எக்ஸ் கதிரைப் பிடிக்கும் வாயு

எக்ஸ்ரே என்றதும் கருப்பு ஃபிலிம்தான் நினைவுக்கு வரும். ஆனால், ஒரு பெட்டியில் வாயுவை அடைத்தும் எக்ஸ்ரே படம் எடுக்கலாம். பெரும்பாலும் அந்த வாயு ஆர்கான். நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் நூற்றில் ஏறக்குறைய 1 பங்கு அதுதான். கிரேக்கத்தில் அந்தப் பெயருக்குச் சோம்பேறி என்று பொருள். அந்தச் சோம்பல்தான் இங்கே தேவை. அணுவிலிருந்து தெறித்த எலெக்ட்ரானை ஆக்சிஜன் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆர்கான் அதன் போக்கில் விட்டுவிடும்.

*

இரும்பு-55 என்ற கதிரியக்கப் பொருள் உமிழும் ஒரே ஓர் எக்ஸ் கதிர் ஃபோட்டான் ஆர்கானில் சிக்கினால், சுமார் 220 எலெக்ட்ரான்கள் விடுபடும். கருவிக்கு இது போதாது. பக்கத்தில் உயர் மின்னழுத்தம் தந்த மெல்லிய கம்பி இருந்தால், ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, எண்ணிக்கை ஆயிரம் மடங்கையும் தாண்டும். இந்தப் பெருக்கத்தில் புற ஊதா ஒளியும் பிறக்கும். அதை அடக்காவிட்டால் பெருக்கம் கட்டுமீறும். அடக்குவதற்குக் கலப்பது சோடாவில் நுரைக்கும் அதே கார்பன் டை ஆக்சைடு.

*

1968இல் ஜெனீவாவில் உள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் ஜார்ஜ் ஷார்பாக் இப்படிப்பட்ட கம்பிகளை வரிசையாகக் கட்டினார். ஒவ்வொரு கம்பியும் தன் செய்தியைத் தனியே சொல்லும். அதுவரை துகள்களின் தடத்தைப் புகைப்படமாக எடுத்து, ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனி மின்னணுக் கருவியே எண்ணிவிடும். நாஜிகளின் டாகாவ் முகாமில் அடைபட்டு மீண்டவர் இவர். 1992இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார்.

*

கதிர்கள் மழையாகக் கொட்டினால் கம்பிப் பெட்டி திணறும். காரணம் எலெக்ட்ரான் அல்ல, அது பறந்துவிடும். எலெக்ட்ரானை இழந்து பின்னால் மிஞ்சும் நேர்மின் அயனிகள்தான் தேர் போல ஆடி அசைந்து நகரும், எலெக்ட்ரானைவிட ஆயிரம் மடங்கு மெதுவாக. அவை வழியில் குவிந்து நின்றால் மின்புலம் தளரும். அடுத்து வரும் கதிருக்குப் போதிய பெருக்கம் கிடைக்காது. சதுர மில்லிமீட்டருக்கு வினாடிக்கு 10,000 கதிர்கள் என்ற அளவை நெருங்கும்போதே இந்தத் தொல்லை தெரிந்துவிடும்.

*

கம்பியே வேண்டாம், ஓட்டை போதும் என்றார் ஃபேபியோ சவுலி. அவரும் செர்ன் ஆய்வகத்துக்காரர். ஆண்டு 1997. மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு தடிமன் உள்ள பிளாஸ்டிக் தாள். இரு பக்கமும் செம்புப் பூச்சு. தலைமுடி பருமனில் துளைகள். கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் கிட்டத்தட்ட 6,000 துளைகள்! இரண்டு செம்புப் பரப்புகளுக்கும் இடையே சில நூறு வோல்ட் கொடுத்தால், ஒவ்வொரு துளையும் ஒரு பெருக்கி. அயனிகளில் பெரும்பகுதி பக்கத்திலேயே உள்ள செம்பில் போய் ஒட்டிக்கொள்ளும், பாதை அடைபடாது. இதன் பெயர் ஜெம். சதுர மில்லிமீட்டருக்கு வினாடிக்கு 1,00,000 கதிர்களைத் தாண்டியும் இது தளராமல் எண்ணும். மின்சுற்றுப் பலகைகளை அரித்தெடுக்கும் அதே முறையில் செய்வது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது.

*

2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளிலும் வாயுப் பெட்டிகள் உண்டு. மூன்று பெட்டிகள், உள்ளே செனான். கருந்துளைகளின் அருகிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களின் நேரத்தை மைக்ரோ வினாடிக் கணக்கில் குறிப்பதற்காக அவை அனுப்பப்பட்டன.

*

முதுகெலும்பு வளைந்த குழந்தைகளுக்கு, வளரும் காலம் முழுவதும் திரும்பத் திரும்ப எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் உடம்பில் கொஞ்சம் கதிர்வீச்சு ஏறுகிறது. ஷார்பாக் பிற்காலத்தில் தன் வாயுப் பெட்டியை இந்தப் பக்கம் திருப்பினார். அவர் வழியில் பிறந்த ஈஓஎஸ் என்ற கருவியில் குழந்தை நின்றபடியே இருக்கும். மெல்லிய விசிறி போன்ற கதிர் மேலிருந்து கீழாக நகரும். முன்பக்கம், பக்கவாட்டு என இரண்டு படங்களும் ஒரே நேரத்தில் விழும், வழக்கமான எக்ஸ்ரேயைவிடக் குறைந்த கதிர்வீச்சில்.