429 வந்தால் பொறுங்கள், 403 வந்தால் நில்லுங்கள்

2023 மே மாதக் கடைசியில் இணைய நூலகமான இன்டர்நெட் ஆர்கைவ் தளம் முடங்கியது. அமேசான் கிளவுடில் இயங்கிய 64 மெய்நிகர் கணினிகளிலிருந்து நொடிக்குப் பல்லாயிரம் கோரிக்கைகள் வந்து குவிந்ததே காரணம். அவை கேட்டதெல்லாம் பதிப்புரிமை முடிந்த நூல்களின் எழுத்துக் கோப்புகள். நிதானமாகக் கேட்டிருந்தால் தாராளமாகக் கிடைத்திருக்கும். யாரோ சிலரின் அவசரத்தால் எல்லா வாசகர்களுக்கும் கதவு அடைபட்டது.

ஸ்கிரிப்ட் எழுதித் தளங்களிலிருந்து தரவு திரட்டும் மாணவர்கள் இன்று ஏராளம். எரர் வந்ததும், பக்கம் வரும்வரை லூப்பில் கேட்டுக்கொண்டே இருக்கவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எரரோடு வரும் எண்தான் சர்வர் உங்களுக்குச் சொல்லும் பதில்.

429 என்றால் அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள். பதிலோடு வரும் ஹெடரில் 'ரீட்ரை-ஆஃப்டர்: 120' என்றிருந்தால் 120 நொடிகளுக்கு ஒரு கோரிக்கையும் போகக் கூடாது. அந்த வரி இல்லையா? 2, 4, 8 நொடி என இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போய், ஐந்தாறு முறையோடு விட்டுவிடுங்கள். சர்வர் தற்காலிகமாகச் சேவை தர இயலாதபோது வரும் 503க்கும் இதுவே வழி. பக்கம் இல்லை என்னும் 404, 410 வந்தால் அந்த முகவரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

403 அப்படியல்ல, அது அனுமதி மறுப்பு. உடனே பிராக்ஸி போட்டு ஐபி முகவரியை மாற்றுபவர்கள் சட்டச் சிக்கலுக்குள் கால் வைக்கிறார்கள். அமெரிக்க விளம்பரத் தளமான கிரெய்க்ஸ்லிஸ்ட் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பி, ஐபியையும் தடுத்த பிறகு, அதன் விளம்பரங்களைத் திரட்டிவந்த 3டேப்ஸ் நிறுவனம் சுற்றுவழியில் நுழைந்தது. அனுமதியற்ற நுழைவு என்று அதன்மீது வழக்கு நடத்தலாம் என 2013இல் கலிஃபோர்னிய நீதிமன்றம் சொன்னது. இந்தியாவிலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதியின்றித் தரவை எடுப்பதையும் பிறர் அணுக முடியாமல் செய்வதையும் இழப்பீட்டுக்கு உரியதாக்குகிறது. அதையே மோசடியாகவோ நேர்மையற்ற நோக்கிலோ செய்தால் 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'எல்லோரும் பார்க்கும் பக்கம்தானே' என்ற வாதம் எப்போதும் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம்.

தொடங்குமுன் தளத்தின் ரோபாட்ஸ்.டிஎக்ஸ்டி கோப்பையும் பயன்பாட்டு விதிகளையும் படியுங்கள். ஏபிஐ தருகிறார்களா என்று பாருங்கள். அரசுத் தரவு என்றால் டேட்டா.கவ்.இன் தளத்தில் முதலில் தேடுங்கள். யூசர்-ஏஜென்ட் வரியில் உங்கள் மின்னஞ்சலைப் போட்டுவைத்தால், தளத்தார் தடுப்பதற்கு முன் உங்களிடம் கேட்க வழியிருக்கும். அப்படியும் 403 வந்தால் ஸ்கிரிப்டை நிறுத்திவிட்டு, என்ன தரவு, எதற்காக என்று தளத்தாருக்கு எழுதி அனுமதி கேளுங்கள்.