வானத்து உதவி வந்தால் வெற்றி நமக்கா? பிள்ளைகளுடன் பார்த்துப் பேச மூன்று படங்கள்

தாப்பா - மாவட்டப் போட்டிக்கு முதல் நாள் மாரியம்மனுக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டுப் போய், மறுநாள் தோற்று வரும் பிள்ளை கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நான்தான் கும்பிட்டேனே, சாமி ஏம்பா உதவி செய்யல?" தோட்டத்து வீடானாலும் சரி, தாமான் வீடானாலும் சரி, இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்ல நம்மில் பலரால் முடிவதில்லை.

சினிமா இந்தக் கேள்வியைப் பல காலமாகச் சிரிப்போடு சொல்லி வருகிறது. பூதமோ, ஆவியோ, தேவதையோ திடலில் இறங்கிப் பந்தைத் திருப்பிவிடும் கதைகள் அவை. பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு பார்க்கத் தகுந்தவை. சிரித்து முடித்த பிறகு பிள்ளையிடம் பேசவும் அவற்றில் நிறைய இருக்கிறது.

பூதம் ஆடிய கூடைப்பந்து

தோட்டத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய காலத்தை அறிந்தவர்களுக்கு ‘பட்டணத்தில் பூதம்’ புதிதல்ல. 1967இல் எம். வி. ராமன் இயக்கிய வண்ணப்படம் அது. ஜெய்சங்கரும் நாகேஷும் நண்பர்கள். ஜாடியில் அடைபட்டிருந்த ஜீபூம்பா என்ற பூதம் வெளியே வந்து அவர்களுக்கு உதவுகிறது. படத்துக்குத் திரைக்கதை எழுதிய ஜாவர் சீதாராமனே பூதமாகவும் நடித்தார். கூடைப்பந்து ஆட்டத்தில் பூதம் காட்டும் கைவரிசையை இன்றும் பலர் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்தக் காட்சியில் நமக்கு ஏன் சிரிப்பு வருகிறது? பூதம் இருப்பது நமக்குத் தெரியும், எதிர்க் குழுவுக்குத் தெரியாது. அவர்கள் விழிக்கும் விழிப்புதான் நகைச்சுவை. ஆனால் பிள்ளையிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: "அந்த எதிர்க் குழுவில் நீ ஆடியிருந்தால்?" பயிற்சி செய்து வந்தவனை மந்திரத்தால் தோற்கடிப்பது வெற்றியா என்று பிள்ளையே யோசிக்கும்.

ஆவி இறங்கிய கிரிக்கெட்

1992இல் வந்த ‘சமத்கார்’ என்ற இந்திப் படத்தில் ஷாருக் கானுக்கு உதவுவது ஓர் ஆவி. நசிருத்தீன் ஷா அந்த ஆவியாக வருகிறார். அவர் ஷாருக் கானின் கண்ணுக்கு மட்டுமே தெரிவார். கிரிக்கெட் ஆட்டத்தில் அவர் செய்யும் சேட்டைகள்தான் படத்தில் அதிகம் பேசப்பட்டவை.

இவ்வகைக் கதைகள் அனைத்துக்கும் பொதுவான இலக்கணம் ஒன்று உண்டு. உதவ வருபவர் ஒருவர் கண்ணுக்கு மட்டும் தெரிவார். அதைச் சொன்னால் ஊர் நம்பாது. அந்த உதவிக்கு ஓர் எல்லையும் இருக்கும். எந்த இடத்தில் அந்த எல்லை வருகிறது என்பதில்தான் கதையின் மதிப்பு இருக்கிறது.

தேவதைகள் விலகி நின்ற ஆட்டம்

எல்லையைச் சரியான இடத்தில் வைத்த படம், டிஸ்னி நிறுவனம் 1994இல் வெளியிட்ட ‘ஏஞ்சல்ஸ் இன் தி அவுட்ஃபீல்ட்’. இதே பெயரில் 1951இல் வந்த படத்தின் மறு ஆக்கம் இது. பழைய படத்தில் தேவதைகளைத் திரையில் காட்டவே மாட்டார்கள். புதிய படத்தில் சிறகோடு பறந்து வருவார்கள்.

கதை பேஸ்பால் விளையாட்டைப் பற்றியது. அதன் விதிகள் தெரியாவிட்டாலும் கதை புரியும். தாயை இழந்து வளர்ப்பு இல்லத்தில் இருக்கும் சிறுவன் ரோஜர், "நாம் எப்போது மறுபடி ஒரே குடும்பமாக இருப்போம்?" என்று அப்பாவிடம் கேட்கிறான். கடைசி இடத்தில் கிடக்கும் கலிபோர்னியா ஏஞ்சல்ஸ் குழு பட்டம் வெல்லும்போது என்று அப்பா ஏளனமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். பிள்ளை அதை வாக்காக எடுத்துக்கொண்டு வேண்டுகிறான். தேவதைகள் வருகிறார்கள், குழு ஜெயிக்கத் தொடங்குகிறது.

அவன் உண்மையில் வேண்டியது அப்பாவைத்தான். ஆனால் குழு மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே, அந்த அப்பா பிள்ளை மீதான உரிமையை நீதிமன்றத்தில் விட்டுக்கொடுத்துவிடுகிறார். எந்தத் தேவதையும் அதைத் தடுக்கவில்லை.

இறுதி ஆட்டத்திலும் தேவதைகள் இறங்கவில்லை. பட்டத்தை மனிதர்கள் தாங்களாகவே வெல்ல வேண்டும் என்பது அவர்கள் விதி. களைத்துப்போன மூத்த பந்து வீச்சாளரைப் பயிற்சியாளர் மாற்றாமல் நம்புகிறார். ரோஜர் எழுந்து கைகளைச் சிறகுபோல அசைக்க, அரங்கமே அவனோடு சேர்ந்து அசைக்கிறது. குழு வெல்கிறது. பிறகு அந்தப் பயிற்சியாளரே ரோஜரையும் அவன் சிறு தோழனையும் தத்தெடுத்துக்கொள்கிறார். கேட்ட அப்பா கிடைக்கவில்லை, ஆனாலும் பிள்ளைக்கு ஒரு வீடு கிடைத்தது.

நிஜத்தில் அந்த ஏஞ்சல்ஸ் குழு முதன்முறையாக அமெரிக்காவின் ‘வேர்ல்டு சீரிஸ்’ பட்டத்தை வென்றது 2002இல், படம் வந்து எட்டு ஆண்டுகள் கழித்து.

நம் பேராக்கிலேயே ஓர் உதாரணம்

உழைப்பால் வந்த வெற்றியைக் காட்ட அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. கோலகங்சாரில் பிறந்த டாக்டர் எம். ஜெகதீசன் 1966 பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மூன்று தங்கம் வென்றார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் அரையிறுதி வரை சென்று 20.92 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2017 வரை நிலைத்தது. ஓட்டத்தோடு மருத்துவப் படிப்பையும் அவர் முடித்தார்.

பிள்ளைக்கு என்ன சொல்வது?

கும்பிடாதே என்று சொல்ல வேண்டாம். பயத்தை அடக்கி மனத்தை ஒருநிலைப்படுத்த வேண்டுதல் உதவும். ஆனால் எதிர்க் குழுப் பிள்ளையும் அவன் வீட்டில் கும்பிட்டுவிட்டுத்தான் வந்திருப்பான் என்பதைச் சொல்லுங்கள். சாமி ஒரு பக்கம் மட்டும் சாய்ந்தால் அது நியாயமாகுமா என்று கேளுங்கள். பிள்ளைகளுக்கு நியாயம் நன்றாகவே புரியும்.

ரோஜரின் கதை நமக்கும் ஒன்று சொல்கிறது. பிள்ளை கோப்பை வேண்டும் என்று கேட்கும்போது, பல நேரம் அதற்குப் பின்னால் வேறொரு ஆசை இருக்கும்: அப்பா வந்து பார்க்க வேண்டும் என்பது. ஷிஃப்ட் வேலை, தொலைதூர வேலை என்று நம் பெற்றோரில் பலருக்குப் பகலில் வர முடியாது. வர முடியாதவர்கள் தாத்தாவையோ, மாமாவையோ, சித்தியையோ அனுப்பலாம். அடுத்த போட்டி நாளில் பிள்ளை திரும்பிப் பார்க்கும்போது, திடல் ஓரத்தில் தெரிந்த முகம் ஒன்றாவது இருக்கட்டும்.