உப்பும் வெயிலும் உழைப்பும்

உடப்புக்கு ஒரு புறம் கடல், மறு புறம் முந்தல் களப்பு. கரைவலையில் நெத்தலியும் சூடையும் மலிந்து வரும் நாளில் பச்சை மீனின் விலை விழுந்துவிடும். அன்று மீனவரைக் காப்பாற்றுவது கருவாடு. 1990 இலும் அதன் பின்னரும் வயலை விட்டுப் புத்தளம் மாவட்டத்துக்கு வந்த குடும்பங்களுக்கும் இது கைகொடுக்கும் தொழில். நெல்லைக் காயவைத்துப் பழகிய கைக்கு வெயிலின் பதம் புதிதல்ல.

நகரக் கடைகளின் குளிர்ப்பெட்டிகளில் சொசேஜஸ் முதலிய பதனிட்ட இறைச்சி விற்கிறார்கள். அங்கேயும் உப்புத்தான் அடிப்படை. ஆனால் அதற்கு இயந்திரமும் ஓயாத மின்சாரமும் வேண்டும். கருவாட்டுக்கு உப்பும் வெயிலும் போதும். உப்போ புத்தளத்திலேயே விளைகிறது.

உப்பு மீனிலுள்ள நீரை வெளியே இழுக்கிறது. நீர் குறைந்தால் கிருமி பெருகாது. பெரிய மீனைக் கீறி, குடலும் செவுளும் நீக்கி, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். 3 கிலோ மீனுக்கு 1 கிலோ உப்பு என்ற கணக்கில் அடுக்கி வையுங்கள். பின்பு மணலில் பரப்பாமல், தடியும் பழைய வலையும் கொண்டு கட்டிய பரணில் உலர்த்துங்கள். கீழிருந்தும் காற்றுப் படும்; மண் ஒட்டாது. ஈயை விரட்டப் பூச்சிமருந்து தெளிப்பது உண்பவருக்கு நஞ்சிடுவதாகும், வலைத்துணியால் மூடுங்கள்.

சூரை போன்ற மீனை வெயிலில் கிடக்கவிட்டு, பழுதான பின் உப்பிடாதீர்கள். அதில் உண்டாகும் நச்சுப்பொருள் உப்பாலும் போகாது, சமைத்தாலும் அழியாது.

இனி விலை. ஏறக்குறைய 3 கிலோ பச்சை மீன் காய்ந்து 1 கிலோ கருவாடாகும். பச்சை மீனைக் கிலோ 300 ரூபாவுக்கு வாங்கினால், கருவாட்டில் மீனின் பெறுமதியே 900 ரூபா. அதன்மேல் உப்பு, போக்குவரத்து, உங்கள் கூலி. 1000 ரூபாவுக்குக் கேட்கும் வியாபாரிக்குத் தலையாட்டினால், பல நாள் உழைப்பை இலவசமாகக் கொடுத்தவர்களாவோம். முற்பணம் வாங்கியவர் விலை பேச முடியாது. ஆகவே நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து சிறு சேமிப்புத் தொடங்குங்கள். ஒன்றாக உப்பு வாங்குங்கள். ஒன்றாக நிறுத்து விற்றுக் கணக்கெழுதுங்கள்.

மக்தலா மரியாவின் ஊரை, உப்பிட்ட மீனால் பெயர்பெற்ற தரிக்கேயா என்றே அறிஞர் பலர் கருதுகின்றனர். ஆண்டவர் நடமாடிய கலிலேயாக் கடற்கரையிலும் இத்தொழிலே மக்களுக்குச் சோறு போட்டது. இது தாழ்ந்த வேலையன்று. இதற்கு நியாயமான கூலி கேட்பது நம் உரிமை.